சின்னதாக ஒரு மியூசிக் சிஸ்டம்

ஜனவரி 20

கோவில்பட்டியில் இன்று பேச்சு முடிந்தது. என் மகன் நாதனுக்கு முப்பத்து மூன்று வயது. எட்டு வருடமாக ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்கும் தூத்துக்குடிக்கும் அலைந்தோம். ஓரிடத்தில் செவ்வாய் இடித்தது, ஓரிடத்தில் பெண்ணே இடித்தாள். கடைசியில் இந்தச் செண்பகவல்லியை அவனுக்கும் பிடித்து, அவளுக்கும் இவனைப் பிடித்துவிட்டது. கோவில்பட்டியில் பாங்கில் வேலை பார்க்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு நாதன் இருக்கும் சென்னைக்கே மாற்றல் கேட்கிறாளாம். திரும்பி வரும் வழியெல்லாம் பிரமு, இதுவும் தட்டிப்போனால் பையன் இனிப் பெண் பார்க்கவே வரமாட்டான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். என் மனைவிக்கு நல்ல நாளிலும் பயம்தான்.

பெண்ணின் அப்பா பூவநாதன் பெயின்ட் கடை வைத்திருக்கிறார். மனிதர் கைகட்டிக்கொண்டு, "என்ன எதிர்பாக்கீக அண்ணாச்சி? சொல்லிருங்க" என்றார். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது. நம் வாசகர் வட்டத்தில் வரதட்சணை ஒழிப்பைப் பற்றி மூன்று வருடம் தொடர்ந்து பேசியவன் நான். ரொக்கம் வேண்டாம், கார் வேண்டாம், கட்டில், பீரோ, ஏசி எதுவும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுத்தேன். சும்மா "ஒன்றும் வேண்டாம்" என்றால் அவருக்குப் புரியாமல் போகலாம் அல்லவா? உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்வதைச் செய்யுங்கள் என்று முடித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது.

அப்போதும் அவர் விடவில்லை. ஏதாவது ஒன்று சொல்லியே ஆகவேண்டும் என்றார். மனிதர் மனம் கோணக் கூடாதே என்று, சின்னதாக ஒரு மியூசிக் சிஸ்டம் போதும் என்றேன். காம்பாக்ட். மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிடலாம்.

ஜனவரி 25

வாசகர் வட்டத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். வரதட்சணை வாங்காத தந்தை என்று. விஷயம் எப்படித்தான் பரவுகிறதோ, நான் நாலைந்து பேரிடம்தான் சொன்னேன்.

பிப்ரவரி 2

பூவநாதன் கடையை அடைத்துவிட்டுப் பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார். ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனோம். நான் வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் விவரம் தெரியாத மனிதர் ஏமாந்துவிடக் கூடாது. கூட்டுறவுத் தணிக்கையில் முப்பது வருடம் குப்பை கொட்டியவனுக்கு இந்தச் சமூகப் பொறுப்புகூட இல்லாவிட்டால் எப்படி?

அவர் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். சிவப்பும் நீலமுமாக விளக்கு எரிகிற பெட்டி. போட்டவுடன் என் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. கோயில் கொடை விழாவுக்கு வாடகைக்கு விடலாம், வீட்டில் வைக்க முடியாது. நாதஸ்வரம் என்றால் சீவாளியில் ஊதுகிறவரின் மூச்சு கேட்க வேண்டும், வீணை என்றால் விரல் கம்பியில் உரசுவது கேட்க வேண்டும் என்று சம்பந்திக்கு விளக்கினேன். பிறகு உள்ளறையில் கூம்பு போன்ற மூக்குடன் இரண்டு சின்னப் பெட்டிகளும் ஒரு ஆம்ப்ளிஃபயரும் சேர்ந்த செட் ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். ஆஹா. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பூவநாதன் விலைச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் கேக்கு அண்ணாச்சி" என்றார், மெதுவாக.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லக் கூடாது, பாவம், பெயின்ட் வாசனையிலேயே காலம் தள்ளியவர். விலை அதைப்போல ஆறு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் முப்பது வருடம் உழைக்கும். முப்பது வருடத்துக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஒரு டீக்காசுகூட ஆகாது. அவர் டீயே குடிப்பதில்லையாம். அப்படியானால் இன்னும் மிச்சம்.

பிப்ரவரி 8

ஒரு வாரமாக இதைப்பற்றியே படிக்கிறேன். சின்ன ஸ்பீக்கரைத் தரையில் வைக்கக் கூடாது. உட்கார்ந்தால் காது உயரத்துக்கு வரவேண்டும். பிளைவுட்டில் வைத்தால் அதிரும். கனமான மரம் வேண்டும், தேக்கு என்றால் உத்தமம்.

போனில் சொன்னேன். "பீரோ வேண்டாம்னு அன்னைக்குச் சொன்னீகளே" என்று பூவநாதன் இழுத்தார். பீரோ இப்போதும் வேண்டாம்தான். இது பீரோ உயரத்தில், பீரோ அகலத்தில், கதவு இல்லாமல் இருக்கும். கதவு வைத்தால் ஒலி அடைபடும். கதவு இல்லாததால் அவருக்குக் கூலியும் குறைவு. நாம் சொல்லித்தரவேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 16

எந்த அறையில் வைப்பது என்பது பெரிய பிரச்சினை. உழக்குக்குள்ளே கிழக்கு மேற்கா என்பார்கள், நம் வீட்டில் இருப்பதே இரண்டு அறை. கடைசியில் தெருப்பக்கத்து அறைதான் அளவில் சரியாக வந்தது. பிரமு தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிற அறை. மெஷினை அடுக்களைப் பக்கம் நகர்த்தியாயிற்று. அங்கே வெளிச்சம் கொஞ்சம் குறைவு, ஆனால் அவள் முப்பது வருடமாகத் தைக்கிறாள், கை பழகியிருக்கும்.

கை தட்டிப் பார்த்தேன். மொசைக் தரை, வெறும் சுவர், 'டண்' என்று எதிரொலிக்கிறது. பின்பக்கம் மெத்தென்று ஏதாவது இருந்தால் அது ஒலியை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மெத்தை. மெத்தையைச் சும்மா தரையில் போட முடியுமா? கட்டில் என்று நினைக்க வேண்டாம், மெத்தையைத் தூக்கிப் பிடிக்க ஒரு மரச்சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று சம்பந்தியிடம் சொன்னேன். கட்டில் எத்தனை அடி என்று கேட்டார், சட்டம் என்று திருத்தினேன். பிறகு "சரி அண்ணாச்சி" என்றார். நல்ல புரிதல் உள்ள மனிதர்.

நாதன் இப்போதெல்லாம் தினமும் போன் பண்ணுகிறான். முன்பு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் கடனே என்று. இன்று அம்மாவிடம் தேங்காய்ப்பால் சொதிக்கு எந்தப் பருப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தான். மறுவீட்டுக்குச் சொதி வைக்கிற வழக்கத்தை அந்தப் பெண் கிண்டல் பண்ணினாளாம். பிரமு போனை வைத்துவிட்டுத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 27

தெருச் சத்தம். மாடு, மீன்காரர், பள்ளிக்கூட வேன். ஜன்னலைச் சாத்தினால் வேகிறது. காற்றாடி போட்டால் கடகடவென்று அதுவே ஒரு மிருதங்கம். ஆகவே ஏசி. ஏசியை நான் சீராக வாங்க மறுத்தவன். இது சீர் அல்ல, சத்தத் தடுப்பு.

இரவு சாப்பாட்டில் பிரமு சொன்னாள்: "இதுக்குப் பேசாம ரொக்கமாவே கேட்டிருக்கலாம். அவுகளுக்கு இம்புட்டு அலைச்சல் இருந்திருக்காது."

எனக்கு மனம் விட்டுப்போயிற்று. இத்தனை வருடம் கூட இருந்தும் என் கொள்கை இவளுக்குப் புரியவில்லை. ரொக்கம் வாங்குவது குற்றம், சட்டப்படியும் தர்மப்படியும். நான் கேட்பது ஒலியின் தரம். மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டேன். அவளும் வற்புறுத்தவில்லை.

மார்ச் 5

இன்வெர்ட்டரைச் சொல்ல மறந்துவிட்டேன். காலையில் சொல்லிவிட்டேன். ஆனை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அழலாமா?

மார்ச் 9

பூவநாதன் கடைக்குப் பக்கத்தில் இருந்த காலி மனையை விற்றுவிட்டாராம். புதர் மண்டிக் கிடந்த இடம். நல்ல முடிவு என்று பாராட்டினேன். மனிதருக்கு உபயோகமில்லாத சொத்தைக் கட்டிக்கொண்டு அழுகிற புத்தி இல்லை.

மார்ச் 15

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதுரையில் ஒரு பெரிய கடையில் கடைசியாகக் கேட்டு முடிவு செய்வதாக ஏற்பாடு. கோவில்பட்டியிலிருந்து பூவநாதன் மட்டும் வருவார் என்று நினைத்தேன். செண்பகவல்லியும் வந்திருந்தாள். லீவு போட்டிருக்கிறாள். வணக்கம் மாமா என்று அடக்கமாகத்தான் சொன்னாள். பிரமுவும் நானும் அவளுக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போயிருந்தோம்.

நாதனும் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெற்ற மகன் இல்லாமல் என்ன சங்கீதம்? அவனை வாட்ஸப்பில் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கர் முன்னால் ஒரு முக்காலியில் வைத்தேன். வீணை ஓடியது. எப்படிடா இருக்கு என்றேன். ஆபீசில் இருக்கிறேன், நல்லாத்தான் இருக்குப்பா என்றான். அடுத்ததையும் கேள், வைத்துவிடாதே என்றேன். மூன்று செட் மாற்றி மாற்றிப் போடச்சொன்னேன். இரண்டாவதுதான். விலைக்கும் தரத்துக்கும் அப்படி ஒரு பொருத்தம். எட்டு வருடம் பார்த்த ஜாதகங்களில்கூட அப்படிப் பொருத்தம் பார்த்ததில்லை.

இதுதான் என்று நான் சொன்னவுடன் அந்தப் பெண் கேட்டாள்: "இதெல்லாம் யாருக்கு மாமா?"

"உனக்குத்தான் தாயி. உங்கப்பா உனக்குச் செய்யுதாக. எனக்கு இதுல என்ன இருக்கு?"

"அப்ப சரி மாமா" என்று சொல்லிவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினாள். பில்லைத் தன் பெயரில் போடச்சொன்னாள். சென்னையில் நாதன் பார்த்துவைத்திருக்கும் வாடகை வீட்டு விலாசத்தைச் சொல்லி, அங்கேயே இறக்க முடியுமா என்றாள். அலமாரி, மெத்தை, ஏசி எல்லாமும் அங்கேதான் வேண்டியிருக்கும் என்று அப்பாவிடம் சொன்னாள். கடைக்காரர் தாராளமாக அம்மா என்று எழுத ஆரம்பித்தார்.

நான் நிதானமாகத்தான் எடுத்துச் சொன்னேன். சென்னையில் உப்புக்காற்று, ஸ்பீக்கர் காகிதம் ஊறிப்போகும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். இங்கே பாளையங்கோட்டையில் அறை தயாராக இருக்கிறது, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வரும்போது இருவரும் ஆசைதீரக் கேட்கலாமே என்றேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. "எனக்குன்னா நான் இருக்கற இடத்துலதான் மாமா இருக்கணும்" என்றாள்.

அப்போது எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, வாய் தவறிவிட்டது.

"சென்னைக்குப் போறதுக்கா நான் ரெண்டு மாசமா நாயா அலைஞ்சேன்? இதெல்லாம் இல்லேன்னா இந்தச் சம்பந்தத்துக்கு நான் ஒத்துக்கிட்டிருப்பேனா?"

கடைக்காரர் எழுதுவதை நிறுத்தினார். பூவநாதன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிரமு முக்காலியைப் பார்த்தாள். அதன்மேல் என் போன் இருந்தது. நாதன் இன்னும் லைனில் இருந்தான். நான்தான் வைத்துவிடாதே என்று சொல்லியிருந்தேனே.

"அப்பா" என்றான். உடனே வைத்துவிட்டான்.

மல்லிகைப்பூ பையிலேயே இருந்துவிட்டது.

மார்ச் 16

காலையில் பூவநாதன் வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "சின்னப் புள்ள, தெரியாமப் பேசிட்டா. எல்லாத்தையும் இங்கயே இறக்கிருதேன் அண்ணாச்சி. கல்யாணம் மட்டும் நின்னுறக் கூடாது" என்றார். கும்பிட்டுக்கொண்டே சொன்னார்.

பெருந்தன்மையாக, பரவாயில்லை, சின்ன வயசு, நான் ஒன்றும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றேன். பிரமு அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவருக்குக் காபி கொண்டுவந்து கொடுக்கும்போது பாதியைச் சிந்திவிட்டாள். வயசாகிறது.

நாதன் போன் எடுக்கவில்லை. மூன்று தடவை போட்டேன்.

மார்ச் 17

பிரமு எங்கே போகிறேன் என்று சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. மத்தியானம் ஹோட்டலில் சாப்பிட்டேன். சாம்பாரில் உப்பு இல்லை.

பொழுது சாய்ந்து வந்தாள். கோவில்பட்டிக்குப் போயிருக்கிறாள். அந்தப் பெண்ணின் காலில் விழாத குறையாகக் கேட்டேன் என்றாள். கல்யாணம் நடக்கும், செலவைப் பிள்ளைகள் இரண்டு பேரும் சம்பாதித்ததில் பார்த்துக்கொள்வார்கள், பெண் வீட்டிலிருந்து ஒரு சாமானும் வராது, நம் வீட்டில் யாரும் அதைப்பற்றி வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் ஏற்பாடு.

நான் ஆதியிலிருந்தே அந்தக் கட்சிதானே என்றேன். பிரமு தையல் மெஷினைத் திரும்பவும் தெருப்பக்கத்து அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கொஞ்சம் கை கொடுத்தேன்.

மே 22

கல்யாணம் கோயிலில் முடிந்தது. எளிமை. சம்பிரதாயத்துக்கு ஒரு குத்துவிளக்கு, ஒரு குடம், அவ்வளவுதான் சீர். வாசகர் வட்டத்திலிருந்து எல்லோரும் வந்து எனக்கு மாலை போட்டார்கள். சொன்னபடி செய்து காட்டிய மனிதர் என்று தலைவர் பேசினார். கைதட்டல்.

நாதன் ஆசீர்வாதம் வாங்கும்போது குனிந்தவன் முகத்தை நிமிர்த்தவில்லை. கல்யாணப் பரபரப்பு. மருமகள்தான் மாமா சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். உண்மையில் சாப்பிடவில்லை.

ஜூன் 30

மத்தியானம் ஒரு வேன் வந்து நின்றது. பெரிய அட்டைப் பெட்டி, சென்னையிலிருந்து. பிரித்துப் பார்த்தால் மதுரையில் நான் தேர்ந்தெடுத்த அதே செட். இரண்டாவது. நாதன் தன் சம்பளத்தில் வாங்கி அனுப்பியிருக்கிறான்.

உடனே கூப்பிட்டேன். இந்தத் தடவை எடுத்தான்.

"வந்துட்டாப்பா? சந்தோசம். இனி அவுக வீட்ல எதுக்காகவும் பேச வேண்டாம்."

எந்த மகன் செய்வான் இப்படி? எதிர்வீட்டு ஆவுடையப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் மகன் துபாயில் இருக்கிறான், இதுவரை ஒரு டார்ச் லைட்தான் அனுப்பியிருக்கிறான்.

ஜூலை 4

பிரமு அறையைத் தரமாட்டேன் என்றுவிட்டாள். கூடத்தில்தான் வைத்திருக்கிறேன், பழைய சாப்பாட்டு மேஜைமேல். தேக்கும் இல்லை, மெத்தையும் இல்லை. இருந்தும் வீணையில் விரல் உரசுவது கேட்கிறது. உண்மையைச் சொன்னால், தேக்கு இல்லாததால் என்ன குறை என்று எனக்குப் பிடிபடவில்லை. இதை ஆவுடையப்பனிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19

நாதன் அம்மாவிடம் அரைமணி நேரம் பேசினான். என் கைக்குப் போன் வந்தவுடன் துண்டித்துப் போயிற்று. சென்னையில் சிக்னல் மோசம்.

செப்டம்பர் 6

மறுபடியும் சிக்னல்.

அக்டோபர் 24

தீபாவளிக்கு அவர்கள் வரவில்லை. மருமகளுக்கு உடம்பு சுகமில்லையாம், என்ன என்று கேட்டால் பிரமு சும்மா அசதிதான் என்கிறாள். முறுக்கு சுட்டுப் பார்சல் அனுப்பினாள். அதில் புளிப்பாக நார்த்தங்காய் ஊறுகாயும் எதற்கு என்று தெரியவில்லை. நான் முழு நாளும் நாதஸ்வரம் போட்டுக் கேட்டேன். கூடம் நிறைய நாதஸ்வரம், கூடத்தில் நான் ஒருத்தன். சத்தத்தைக் குறைத்தேன், பிறகு நிறுத்திவிட்டேன்.

நவம்பர் 15

என் போனில் இடம் தீர்ந்துவிட்டதால் சாயங்காலம் பிரமுவின் போனை சிஸ்டத்தோடு இணைத்து ஒரு கச்சேரி கேட்டேன். கச்சேரி முடிந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது, நானும் மறந்துவிட்டேன். நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன்.

திடீரென்று நாதன் பேசினான். கூடத்தில், எனக்கு எதிரில், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு பேசுவதுபோல. அம்மாவுக்கு அவன் அனுப்பிய குரல் பதிவை அவள் அடுக்களையில் தொட்டிருக்கிறாள். சத்தம் இங்கே வந்துவிட்டது.

"யம்மா, நேத்து டாக்டர்ட்ட போயிட்டு வந்தோம். புள்ள நல்லா இருக்காம். நாலாவது மாசம் ஆரம்பிச்சிட்டு. நீ அனுப்புன ஊறுகாயத் தவிர அவளுக்கு ஒண்ணும் எறங்க மாட்டேங்கு. அப்பாட்ட இப்பச் சொல்லிராத. வளைகாப்புக்கு மாமா என்னென்ன செய்யணும்னு அப்பா ஆரம்பிச்சிருவாங்க. மாமாட்ட விக்கதுக்கு இனி ஒண்ணும் இல்ல. செண்பகாவுக்கு நெனைச்சாலே பயமா இருக்குன்னு சொல்லுதா. புள்ளைக்குப் பேரு வச்சப்புறம் பாத்துக்கலாம்."

பேசுவதற்கு இடையில் அவன் ஒருமுறை மூச்சு விட்டான். அந்த மூச்சுகூடக் கேட்டது. என் பிள்ளை என்னைப் பற்றி இப்படிப் பேசுவதை இத்தனை துல்லியமாகக் கேட்கவேண்டியிருந்தது. எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் என்று எழுதத்தான் கை போகிறது. அது மட்டும் இல்லை. என் பேரப்பிள்ளையை என்னிடமிருந்து மறைத்து வைக்கிறார்கள், எனக்குப் பயந்து.

பிரமு கரண்டியோடு ஓடிவந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள். நான் ஒன்றும் செய்யச் சொல்லமாட்டேன், எனக்குத் தெரிந்துவிட்டது, சந்தோஷம் என்று அவனுக்கு ஒரு வார்த்தை சொல்லு என்றேன். அவள் கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"உங்களுக்குத் தெரிஞ்சு போச்சுன்னா அவன் இனி எங்கிட்டயும் சொல்ல மாட்டான். தெரியாத மாதிரியே இருந்துக்கிடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அதனால் இங்கே மட்டும் எழுதிக்கொள்கிறேன். நான் தாத்தா ஆகப்போகிறேன்.

நவம்பர் 17

காலையில் நாதனின் போன். பிரமு குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். சிக்னல் போகவில்லை. சென்னையில் மழையா என்றேன், விட்டு விட்டுப் பெய்கிறது என்றான். மருமகள் சுகமா என்றேன். நல்லா இருக்கா, ஆபீசில் வேலை அதிகம் என்றான். வேளாவேளைக்கு நல்லாச் சாப்பிடச் சொல்லு என்றேன். அதற்குமேல் வாயில் வந்ததை இருமி விழுங்கிவிட்டேன்.

ஏதாவது கேட்க வேண்டுமே என்று அவன் கேட்டான்: "சிஸ்டம் நல்லாக் கேக்காப்பா?"

"ரொம்பத் தெளிவாக் கேக்குய்யா" என்றேன்.